ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது?

1

போன பொங்கல் விடுமுறையில் தருமபுரியில் நண்பர்கள் கூடும் ஒரு சின்ன வாசகர் சந்திப்பில் நளினி மலானியைப் பற்றிப் பேசினேன். மொட்டை மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுண்டல், ஒரு லேப்டாப், பன்னிரண்டு பேர். மலானியின் 'உட்டோபியா' என்ற ஆரம்பகாலப் படைப்பின் படங்களையும் சில நொடித் துணுக்குகளையும் போட்டுக் காட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு திரைகள். ஒன்றில் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் அட்டை வீடுகள். இன்னொன்றில், கறுப்பு வெள்ளையில், மாடி ஜன்னலில் நிற்கும் ஓர் இளம்பெண். கீழே குடிசைகள்.

முடித்ததும் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மூன்று பேர் பேசினார்கள்.

முதலாமவர் நிறைய வாசிக்கிறவர். "வீடியோ ஆர்ட்டுன்னா நாம் ஜூன் பைக்தானே முதல்? இவங்க அப்புறம் வந்தவங்கதானே?" என்றார். இரண்டாமவர் பழைய இயக்கத்துக்காரர். "நேபியன் சீ ரோட்ல உக்காந்துக்கிட்டு பணம் இருக்கறவங்க வெளாடுன வெளாட்டு இது" என்றார். மூன்றாமவன் என்னைப்போலவே மென்பொருள்காரன், வயதில் சின்னவன். "இப்ப ஏஐ-ல ரெண்டு நிமிஷத்துல பண்ணிடலாம்ணா" என்றான்.

கடைசியாக, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்குப் புத்தகம் கொடுத்துவரும் அண்ணன் ஒருவர், கோபமே இல்லாமல் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது நம்ம ஊருக்கு எதுக்கு?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு பெங்களூர் பஸ் ஏறினேன். தொப்பூர்ப் பக்கம் போகிற லாரியைப்போல அந்தக் கேள்வி மண்டைக்குள் முனகிக்கொண்டே வந்தது. மூன்று பேரும் சொன்னது தப்பு என்று நினைக்கிறேன். அண்ணன் கேட்டது மட்டும் சரியான கேள்வி. இந்தக் கட்டுரை முதல் மூவரோடு ஒரு சண்டை, அண்ணனுக்கு ஒரு பதில்.

2

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1969. அக்பர் பதம்சீ அப்போதே பெயர்பெற்ற ஓவியர். அவருக்கு ஜவாஹர்லால் நேரு நல்கை கிடைக்கிறது. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு ஓவியம் வரையலாம். அவர் செய்தது வேறு. பம்பாய் நேபியன் சீ சாலையில் 'விஷன் எக்ஸ்சேஞ்ச் ஒர்க்‌ஷாப்' என்று ஒரு பட்டறையைத் தொடங்கினார். ஓவியர்களும் சினிமாக்காரர்களும் ஒரே இடத்தில் இருந்து, ஒருவர் கருவியை மற்றவர் எடுத்துப் பார்க்கட்டும் என்பது யோசனை. மணி கௌலும் குமார் சஹானியும் அங்கே வந்துபோனவர்கள். பதம்சீயே 'சிஜிஜி' என்று ஒரு படம் செய்தார். கோடுகள், புள்ளிகள், எண்களின் ஒழுங்கு, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான கோட்டோவியங்களை ஒவ்வொரு சட்டகமாகப் படம்பிடித்துச் செய்த ஊமைப்படம்.

அந்தப் பட்டறையிலேயே வயதில் சிறியவர் மலானி.  1946-ல் கராச்சியில் பிறந்து, பிரிவினையில் கைக்குழந்தையாக இந்தப் பக்கம் வந்த குடும்பம். ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் படித்து முடித்த கையோடு, 23 வயதில், அங்கே கேமராவைக் கையில் எடுக்கிறார். 'ஸ்டில் லைஃப்' ஓர் அறைக்குள் கிடக்கும் பொருட்களைக் கேமரா வருடிப் போகும் படம். 'ஓனனிசம்' கட்டிலில் தவிக்கும் ஒரு பெண்ணுடலைப் பற்றியது. 1969-ல், 23 வயதுப் பெண், இப்படி ஒரு தலைப்பில், இப்படி ஒரு படம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டில் செய்ததுதான் 'ட்ரீம் ஹவுசஸ்'. அட்டையில் கட்டிட மாதிரிகள் செய்து, நிறக் கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் பாய்ச்சி, 8 மி.மீ. கேமராவில் ஒவ்வொரு சட்டகமாக எடுத்த அசைவுப்படம். சதுரமும் முக்கோணமும் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மாறி மாறிக் கலக்கும். பார்க்க அழகு. அந்த அழகுக்குப் பின்னால் அந்தக் காலத்தின் ஒரு நம்பிக்கை இருந்தது. பக்மின்ஸ்டர் ஃபுல்லர், சார்லஸ் கொரியா போன்ற கட்டிடக் கலைஞர்கள் எல்லோருக்கும் நல்ல வீடு சாத்தியம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 1960-களின் நடுவில் கொரியாவும் பிரவீணா மேத்தாவும் சிரிஷ் படேலும் விரிகுடாவின் மறுகரையில் ஒரு புதிய பம்பாயை முன்மொழிந்திருந்தார்கள். நவி மும்பை பிறந்த யோசனை அது. 'ட்ரீம் ஹவுசஸ்' அந்த நம்பிக்கையின் படம்.

பிறகு மலானி பாரிசுக்குப் படிக்கப் போனார், திரும்பி வந்தார். ஏழு வருடம் போயிற்று. 1976-ல் இன்னொரு படம் எடுத்தார். கறுப்பு வெள்ளை. உயரமான கட்டிடம், ஜன்னல், ஒரு பெண், அவள் பார்வைக்குக் கீழே பரந்து கிடக்கும் சேரி. இந்தப் புதிய படத்தை அந்தப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். அந்த இரட்டைக்குப் பெயர்தான் 'உட்டோபியா'. தேதி போடும்போது 1969–76 என்று போடுவார்கள். அந்த நடுக்கோட்டுக்குள்தான் என் முழுக் கட்டுரையும் இருக்கிறது.

3

இப்போது முதல் நண்பருக்கு.

'முதல்' என்ற சொல்மீது நமக்கு இருக்கும் மோகம் ஒரு வியாதி. முதல் நாவல், முதல் புதுக்கவிதை, முதல் சிறுகதை என்று தேதிக்காக ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொள்வோம். அந்தப் படைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பேனா நகராது.

நாம் ஜூன் பைக் பெரிய கலைஞர். சந்தேகமே இல்லை. 1963 மார்ச்சில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், உள்சுற்றை மாற்றியமைத்த டிவி பெட்டிகளைக் கொண்டு கண்காட்சி வைத்தார். 1965-ல் ஒரு டிவி பெட்டியின் மேல் பெரிய லாடக் காந்தத்தைத் தூக்கி வைத்தார். எலக்ட்ரான் கற்றை வளைந்து, திரையில் படத்துக்குப் பதிலாக ஓர் ஒளிமலர் சுழன்றது. 'மேக்னெட் டிவி' என்று பெயர்.

அதே சோதனையை நானும் செய்திருக்கிறேன். பழைய ஸ்பீக்கரை உடைத்தால் பின்னால் வட்டமாக ஒரு காந்தம் கிடைக்கும். 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவித் திட்டத்தில் எங்கள் தெருவுக்குப் பெட்டிகள் வந்து இறங்கியபோது, பையன்கள் எல்லோரும் அந்தக் காந்தத்தைத் திரையருகே கொண்டுபோய் நடிகர் முகத்தைப் பச்சையும் ஊதாவுமாக ஆக்கினோம். கறை அப்படியே நின்றுவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். எனக்கு விளக்குமாற்றால் விழுந்தது. பைக்குக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. இதைப் பொறாமையில் சொல்லவில்லை. உடைப்பதற்கு முதலில் கையில் டிவி வேண்டும், அதைத்தான் சொல்லவருகிறேன்.

தேதிகளைப் பாருங்கள். டெல்லியில் தொலைக்காட்சி தொடங்கியது 1959 செப்டம்பரில். பம்பாயில் 1972 அக்டோபர் 2. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15. அதாவது மலானி 'ட்ரீம் ஹவுசஸ்' செய்த 1969-ல் பம்பாய் நகரத்தில் தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது! பைக் தன் வீட்டுக்குள் வந்துவிட்ட ஒரு பூதத்தோடு மல்லுக்கட்டினார். மலானிக்கு அந்தப் பூதம் இன்னும் ஊருக்கே வரவில்லை. எதிரே இருந்தது கடல், கட்டிடங்கள், சேரிகள், அவற்றைப் பற்றிய வாக்குறுதிகள். அவர் அவற்றோடு மல்லுக்கட்டினார். இரண்டு பேரையும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் நிற்கவைத்து "இவர் முதல், அவர் இரண்டாவது" என்று விசில் ஊதுவது என்ன நியாயம்?

"அது வீடியோகூட இல்லையே, ஃபிலிம்தானே" என்று நுணுக்கமாகக் கேட்பவர்களும் உண்டு. ஆமாம், ஃபிலிம்தான். 8 மி.மீ.யும் 16 மி.மீ.யும். கருவியை வைத்துக் கலையைப் பெயரிடுவது கடைக்காரன் வேலை. படம் ஒரு சுவரில் ஓடி, பக்கத்துச் சுவரில் ஓடும் படத்தோடு சண்டை போட்டு, நடுவில் நிற்கிற பார்வையாளனைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவைப்பதுதான் இன்று காட்சிக்கூடங்களில் வீடியோ கலை என்று நாம் பார்ப்பது. அது 'உட்டோபியா'வில் இருக்கிறது. போதும்.

இன்னொன்றும் உண்டு. 'முதல்' என்பது தப்பிப்பிழைத்தவற்றுக்கு மட்டும் கிடைக்கும் பட்டம். பதம்சீ அதே பட்டறைக் காலத்தில் 'ஈவெண்ட்ஸ் இன் அ க்ளவுட் சேம்பர்' என்று இரண்டாவதாக ஒரு படம் செய்தார. இருந்தது ஒரே ஒரு பிரதி. டெல்லியில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார்கள், தொலைந்துபோயிற்று. நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 2016-ல், இயக்குநர் ஆஷிம் அலுவாலியா எண்பது வயதைத் தாண்டிவிட்ட பதம்சீயோடு உட்கார்ந்து அந்தப் படத்தை நினைவிலிருந்து மீட்க முயன்று, அந்த முயற்சியையே ஒரு படமாக்கினார். பதம்சீ 2020 ஜனவரியில் இறந்தார். மலானியின் அந்தக் காலப் படங்களும் பல பத்தாண்டுகள் யார் பேச்சிலும் இல்லாமல்தான் கிடந்தன. பெட்டிக்குள் கிடந்ததை எடுத்துப் பார்க்காமல் வரிசை எண் மட்டும் கொடுப்போம் என்றால் எப்படி?

4

இரண்டாவது நண்பர் சொன்னதில் பாதி உண்மை, அதனால் அவரோடு சண்டை போடுவதுதான் கஷ்டம். நேபியன் சீ சாலை ஏழைகள் வாழும் இடம் அல்ல. நல்கைப் பணம், பாரிசில் படிப்பு, ஆங்கிலம் எல்லாம் உண்மை. அந்த ஜன்னல் உயரத்தில்தான் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "பரிசோதனை என்றாலே பணக்கார விளையாட்டு" என்ற முடிவு சோம்பேறித்தனம். அதே காலத்தில் ஃபிலிம்ஸ் டிவிஷனில் பிரமோத் பதி 'எக்ஸ்ப்ளோரர்' என்று வெட்டு வெட்டென்று வெட்டித் தொகுத்த ஒரு மின்னல் படம் எடுத்தார், 1968-ல். ஓவியர் தையப் மேத்தா எடுத்த படத்துக்குப் பெயர் 'கூடல்'. நம்ம தமிழ்ச் சொல்லேதான். 1970-ல் வந்த படம், அதற்கும் அரசாங்கத்தின் இதே டிவிஷன்தான் தயாரிப்பு. இந்த டிவிஷனின் குறும்படங்களை நாட்டில் எந்தத் தியேட்டரானாலும் படத்துக்கு முன்னால் போட்டே ஆக வேண்டும் என்பது அப்போது உரிமத்தின் நிபந்தனையாக இருந்தது. நம் ஊர் டூரிங் டாக்கீஸ்காரரும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். பெரியவர்கள் 'நியூஸ் ரீல்' என்று சொல்லி அந்த நேரத்தில் பீடி பிடிக்க எழுந்துபோவார்களே, அதுதான். ஆக, நாட்டில் பரிசோதனைப் படம் எடுக்கவும் அதை மக்களிடம் கொண்டுபோகவும் ஒரு வழி இருந்தது. "மக்களுக்குப் புரியாது" என்று முடிவுகட்டியது மக்கள் இல்லை.

சரி, இதை விடுங்கள். எனக்கு இந்தப் படம் ஏன் வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

என் அப்பா சென்ட்ரிங் வேலை செய்தவர். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்திலிருந்து மழை பொய்த்த வருடங்களில் ஊரே கிளம்பி பெங்களூர் போகும். மேஸ்திரி ஒருவர் இருப்பார். அவர் பின்னால் பத்து இருபது குடும்பம். ஆண்கள் சென்ட்ரிங், கம்பி கட்டுவது. பெண்கள் சித்தாள். நான் படித்தது பாட்டி வீட்டில் இருந்து. கோடை விடுமுறைக்கு மட்டும் சைட்டுக்குப் போவேன். சைட்டின் ஓரத்தில் தகரம் அடித்த ஷெட்டுகள். மதியம் உள்ளே உட்கார முடியாது. ராத்திரி, வேலை முடிந்த கட்டிடத்தின் நாலாவது மாடிக்குப் போய்ப் படுப்போம். ஜன்னல் சட்டம் இன்னும் வைத்திருக்க மாட்டார்கள். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் கீழே எங்கள் ஷெட்டே தெரியும். அம்மா அடுப்பு மூட்டுவது சிவப்புப் புள்ளியாகத் தெரியும்.

சைட்டின் முகப்பில் ஏசி போட்ட ஒரு விற்பனை அலுவலகம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டிடத்தின் மாடல் இருந்தது. தெர்மாகோல், அட்டை, ஸ்பான்ஜ் மரங்கள், தீப்பெட்டி அளவு கார்கள். சின்னச் சின்ன விளக்குகள் எரியும். வாட்ச்மேன் எங்கள் ஊர்க்காரர் என்பதால் ஒருமுறை உள்ளே விட்டார். எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். அப்படி ஒரு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. வெகுநேரம் எங்கள் ஷெட் அதில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அங்கே ஒரு புல்வெளி இருந்தது.

முப்பது வயதைக் கடந்த பிறகு 'உட்டோபியா'வைப் பார்த்தபோது என் முதுகு சில்லிட்டதற்குக் காரணம் இதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்த மாடலும், நாலாவது மாடி ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. நேபியன் சீ சாலையில் பயின்ற ஒரு பெண்ணுக்கு எங்கள் சைட்டைத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அந்த இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1976 என்ன வருடம்? நெருக்கடி நிலை. அந்த மே மாதத்தில்தான் பம்பாயில் அணு ஆராய்ச்சி நிலையத்தின் அருகே இருந்த ஜனதா காலனி என்ற பெரிய குடியிருப்பை இடித்துத் தள்ளினார்கள். அங்கே பல வருடம் மக்களைத் திரட்டிப் போராடியவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைப்புக்காகப் பம்பாய் போன தமிழர். தேசியச் சேரிவாசிகள் கூட்டமைப்பை நிறுவி, 2018-ல் இறக்கும்வரை வீட்டுரிமைக்காகவே வேலை செய்தவர். தங்கவயல் நமக்கு எத்தனை தூரம்? கிருஷ்ணகிரியைத் தாண்டினால் எட்டிவிடலாம். அந்தக் காலத்து பம்பாய்ச் சேரிகளில் யாருடைய மாமன் மச்சான் இருந்தார்கள் என்று தாராவியில் போய்க் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்வார்கள். மேலே இருந்து பார்த்தவர் பணக்காரரோ இல்லையோ, கீழே இருந்தவர்கள் நாம். நம்மைப் பற்றிய படம் நமக்கு எதற்கு என்று நாமே கேட்டால் எப்படி?

5

இனி என் தம்பிக்கு. ஏஐ-க்காரனுக்கு.

டேய், இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். அட்டை வீடுகள், நிற வெளிச்சம், மங்கலான பழைய ஃபிலிம் துகள் உட்பட எல்லாம் வரும். நானும் முயன்று பார்த்தேன், அச்சு அசலாக வருகிறது. ஆனால் நீ செய்வது 'ட்ரீம் ஹவுசஸ்' மட்டும்தான். ஏழு வருடம் கழித்து அதற்குப் பக்கத்தில் என்ன வைப்பது என்பதை எந்தப் பெட்டியில் தட்டச்சு செய்வாய்?

கருவி புதிதாக வந்தால் அதைத் தொடுவதே பரிசோதனை என்று நம் தொழிலில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. பொறியியல் கல்லூரியிலிருந்தே அது தொடங்குகிறது. நான்கு வருடம் 'லேப்' என்று ஒன்று நடத்துவார்கள். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகள். வரைபடம் சரியாக வராவிட்டால் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதுவோம். தப்பாக வந்தது ஏன் தப்பாக வந்தது என்று கேட்டால் மார்க் போய்விடும். அந்தப் பழக்கத்தோடு வேலைக்கு வந்தவர்கள் நாம்.

நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, இங்கே பெயர் வேண்டாத ஒரு நிறுவனத்தில், கட்டி முடிக்காத அடுக்குமாடி வீடுகளைத் திரையில் நடந்து பார்க்கும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். வாக்-த்ரூ. வாடிக்கையாளர் மவுசை நகர்த்தினால் ஹால், சமையலறை, படுக்கையறை, பால்கனி. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிய வேண்டும் என்பதற்கு அந்த உயரத்திலிருந்து டிரோன் எடுத்த உண்மையான படத்தை ஒட்டியிருந்தோம். ஒரு நாள் ஒரு டிக்கெட் வந்தது: ஜன்னல் காட்சி சரியில்லை, மாற்றவும். திறந்து பார்த்தேன். பதினான்காவது மாடி. ஜன்னலுக்குக் கீழே நீலத் தார்ப்பாய் போர்த்திய தகர ஷெட்டுகள் வரிசையாக.

மதியத்துக்குள் முடித்துவிட்டேன். மலையும் பசுமையுமாக ஒரு படம் தேவைப்பட்டது. காசு கொடுத்து வாங்க அனுமதி கேட்டு மின்னஞ்சல் போடச் சோம்பல். என் கைப்பேசியில் இருந்த வத்தல்மலைப் படம் ஒன்றை எடுத்து, நிறம் கூட்டி, ஒட்டினேன். டிக்கெட்டை மூடினேன். நன்றாக இருக்கிறது என்று பாராட்டு வந்தது. தருமபுரிக்காரர்கள் குடியிருக்கும் ஷெட்டை மறைக்கத் தருமபுரி மலையையே கொண்டுவந்து வைத்தேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. 'உட்டோபியா'வைப் பார்த்த ராத்திரிதான் உறைத்தது.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "எதற்கு மாற்ற வேண்டும்" என்று கேட்டிருந்தால் வேலை போயிருக்காது, பதில் வந்திருக்கும், அவ்வளவுதான். நான் கேட்கவில்லை. என் கையில் இருந்தது 1969-ல் யாரும் கனவிலும் காணாத கருவி. அதை வைத்து நான் செய்தது பரிசோதனைக்கு நேர் எதிரான வேலை. தெரிந்ததை அழித்து, எதிர்பார்த்த விடையை எழுதினேன். லேப் ரெக்கார்ட் மாதிரியே.

மலானியிடமும் கையில் ஓர் அழகான படம் இருந்தது. 1976-ல் அவருக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. அறியாத வயதில் செய்தது என்று பழைய படத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, சேரியைப் பற்றி ஒரு கோபமான ஆவணப்படம் எடுத்திருக்கலாம். இல்லையென்றால் அழகை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல வடிவவாதி என்று பெயர் வாங்கியிருக்கலாம். அவர் தன் பழைய நம்பிக்கையை ஓடவிட்டு, அதன் எதிரே தான் கண்டதையும் ஓடவிட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது எதற்கும் முழுசாக மயங்கவும் முடியாது, எதையும் முழுசாக வெறுக்கவும் முடியாது. அந்தச் சங்கடத்தை உண்டாக்க ஒரு திரை போதாது. இரண்டு திரை என்பது அலங்காரத்துக்கு வைத்ததில்லை, வேறு வழியில்லாமல் வைத்தது. உண்மையான வடிவப் பரிசோதனை எல்லாமே அப்படி வேறு வழியில்லாமல் வருவதுதான்.

அந்தப் பழக்கம் அவரை விடவும் இல்லை. 1998-ல் இந்தியா அணுகுண்டு வெடித்துக் கொண்டாடியபோது, மண்ட்டோவின் கதையை நினைவுகூர்ந்து 'ரிமெம்பரிங் டோபா டேக் சிங்' செய்தார். சுவர்களில் படம் ஓட, தரையில் பன்னிரண்டு தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு திரை. அகதிகள் தலையில் சுமந்து வந்த அதே மாதிரித் தகரப் பெட்டி. எழுபதைத் தாண்டிய பிறகு ஐபேடில் விரலால் கிறுக்கி அசைவுப்படங்கள் செய்தார், 2020-ல் லண்டன் ஒயிட்சேப்பல் காட்சிக்கூடத்தின் சுவர்களில் அவை ஓடின. 2023-ல் கியோட்டோ பரிசு. கருவி எத்தனையோ முறை மாறியிருக்கிறது. பக்கத்தில் எதை வைப்பது என்ற கேள்வி மாறவில்லை.

6

இப்போது அண்ணனுக்கு. "நம்ம ஊருக்கு எதுக்கு?"

அண்ணா, நீங்கள் கொடுத்த புத்தகங்களில்தான் நான் ஏழ்மையை வாசிக்கக் கற்றேன். நம் எழுத்தில் குடிசை நிறைய இருக்கிறது. வறட்சி இருக்கிறது, பஞ்சம் பிழைக்கப் போவது இருக்கிறது. அவற்றை எழுதியவர்களுக்கு நான் கடன்பட்டவன். ஆனால் இன்று என் தலைமுறையில் எழுதுகிற பெரும்பாலோர் எங்கே உட்கார்ந்து எழுதுகிறோம்? நானே ஏழாவது மாடியில். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் குடிசையை எழுதிவிட்டு, ஜன்னலை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிடுகிறோம். ஏதோ கீழேயே நிற்பதுபோல ஒரு குரல். வட்டார வழக்கு வேறு கச்சிதமாக இருக்கும். விருதும் கிடைக்கும்.

'உட்டோபியா'வில் அந்தப் பெண்ணைச் சட்டகத்துக்குள் வைத்திருக்கிறார் மலானி. சேரியை மட்டும் காட்டியிருக்கலாம், இரக்கம் சுலபமாக வந்திருக்கும். பார்ப்பவளும் படத்தில் இருக்கிறாள். அவள் நிற்கும் உயரம் படத்தில் இருக்கிறது. "நீ எந்த மாடியில் நிற்கிறாய்?" என்று படம் கேட்கிறது. நம் எழுத்து இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்க இன்னும் துணியவில்லை என்பது என் குற்றச்சாட்டு. எளிய மக்களை எழுதினால் போதும், வடிவம் கிடக்கட்டும் என்று நாம் சொல்லிக்கொள்வதே அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

நம் மாவட்டத்துக்கு இது யாரைவிடவும் அதிகம் தேவை. பெங்களூரின் கண்ணாடிக் கட்டிடங்களுக்குக் கம்பி கட்டியவர்கள் நம் அப்பாக்கள். அதே கட்டிடங்களுக்குள் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு திரையும் ஓடுகிறது. ஒன்றை எழுதினால் கண்ணீர்க் கதை, மற்றதை எழுதினால் வெற்றிக் கதை. இரண்டையும் சேர்த்து எழுத நமக்கு இன்னும் ஒரு வடிவம் இல்லை. அது பம்பாயில் 23 வயதில் ஒரு பெண் அட்டையை வெட்டத் தொடங்கிய இடத்திலிருந்து வந்தாலும் எனக்குச் சம்மதம். எங்கிருந்து வந்தது என்று ஜாதகம் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

போன வாரம் அப்பாவிடம் போனில் கேட்டேன், அந்தக் காலத்து சைட் இப்போது எப்படி இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா என்று. "ஷெட்டு போட்ட எடம் பார்க்கிங் ஆயிடுச்சுப்பா. போன வருசம் அந்தப் பக்கம் போனப்ப பாத்தேன். உள்ள விடல" என்றார். பிறகு, எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். ஒரு கட்டுரைக்கு என்றேன். "எழுது, எழுது. நாலாவது மாடியில காத்து நல்லா வரும்னு எழுது" என்றார்.

அடுத்த சந்திப்புக்கு இரண்டு புரொஜெக்டர் வேண்டும் அண்ணா. ஒன்றை நான் கொண்டுவருகிறேன், அதில் வத்தல்மலை ஒட்டிய அந்த வாக்-த்ரூ ஓடும். மற்றதை நீங்கள் ஏற்பாடு செய்துகொடுத்தால் போதும். அதில் என்ன ஓட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.